வெள்ளைக் கோட்டின் பற்று வரவு

ஓர் ஏ320 விமானம் மேலே ஏறி நிலைகொண்ட பிறகு மணிக்குச் சுமார் 2,500 கிலோ எரிபொருள் எரிக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் 830 கிலோமீட்டர் போகிறது. வகுத்தால் கிலோமீட்டருக்கு 3 கிலோ. விமான எரிபொருள் கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தான். 1 கிலோ எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 3.16 கிலோ கரியமில வாயுவாகவும் 1.25 கிலோ நீராவியாகவும் மாறுகிறது. ஆக, பாலக்காட்டுக் கணவாய்க்கு மேலே போகிற விமானம் கிலோமீட்டருக்கு நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான நீரை வானத்தில் விட்டுப் போகிறது. எரிபொருளில் கந்தகம் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச விதி. நடைமுறையில் இருப்பது 0.05 சதவீதத்தை ஒட்டி. அந்தக் கணக்கில் கிலோமீட்டருக்கு ஒன்றரை கிராம் கந்தகம். கொஞ்சம் கரித்துகளும் உண்டு.

விமானத்துக்குப் பின்னால் விழும் வெள்ளைக் கோட்டின் வரவுப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். இதற்கு மேலும் ஏதோ இருக்கிறது, அலுமினியம், பேரியம், மலட்டு மருந்து, மழையை ஓட்டும் மருந்து என்று சொல்வதுதான் ‘கெம்ட்ரெயில்’ பேச்சு. 1996இல் அமெரிக்க விமானப்படையில் சிலர் 2025ஆம் ஆண்டுக்குள் வானிலையை வசப்படுத்துவது பற்றி ஒரு கற்பனைத் திட்டக் கட்டுரை எழுதினார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் அது அங்குள்ள வானொலி அரட்டைகளுக்குத் தீனியானது. 2000 செப்டம்பரில் நான்கு அமெரிக்க அரசு அமைப்புகள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. 2016இல் வளிமண்டல வேதியியல், புவிவேதியியல் அறிஞர்கள் 77 பேரிடம் கேட்டபோது, இரகசியத் தெளிப்புக்குச் சான்று ஏதும் பார்க்கவில்லை என்றவர்கள் 76 பேர். மிஞ்சிய ஒருவர் சொன்னதும், ஒதுக்குப்புறமான ஓரிடத்துக் காற்றில் பேரியம் எதிர்பாராத அளவு இருந்தது என்பதுதான். 2024இல் டென்னசி மாநிலம் இதற்குத் தடைச் சட்டமே போட்டது. இல்லாத ஒன்றைத் தடை செய்வதில் ஒரு வசதி: அமலாக்கச் செலவு சுழியம்.

இந்தப் பேச்சு வாட்ஸாப் வழியாகத் தமிழிலும் மலையாளத்திலும் வந்து சேரும்போது அதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனம் வருவதில்லை. காரணம், வானத்திலிருந்து நஞ்சு விழுந்த கதை கேரளத்தில் நடந்த கதை. அதற்கு ஆண்டு உண்டு, பரப்பு உண்டு, வழக்கு எண் உண்டு, இழப்பீட்டுத் தொகை உண்டு. அதனால் இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்ப்பதுதான் நியாயம். எடுத்துக்கொள்ளும் இடம் பாலக்காடு, 4,482 சதுர கிலோமீட்டர். இடுக்கி, 4,612 சதுர கிலோமீட்டர். இரண்டும் தமிழ்நாட்டோடு எல்லை பகிர்பவை. கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் உடும்பஞ்சோலையிலும் தமிழ் கேட்காத தெரு குறைவு.

முதலில் உயரம். இடுக்கியின் ஆனைமுடி 2,695 மீட்டர். நெடுந்தூர விமானம் 11 முதல் 12 கிலோமீட்டரில் போகிறது. ஆனைமுடி உச்சியில் நின்றாலும் விமானத்துக்கும் தலைக்கும் நடுவே 8 கிலோமீட்டர் காற்று. கடல் மட்டத்தில் 27 டிகிரி இருந்தால், கிலோமீட்டருக்கு 6 டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கில் 11 கிலோமீட்டரில் உறைநிலைக்குக் கீழே 39 டிகிரி. கோடு விழ ஏறக்குறைய 40 டிகிரிக்கு மேற்பட்ட குளிர் வேண்டும். ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1941இலும் அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஆப்பிள்மன் 1953இலும் போட்டுக் கொடுத்த கணக்கு இது. நம் வெப்பமண்டலம் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறது. வளைகுடாவிலிருந்து சிங்கப்பூர் போகிற விமானம் 12 கிலோமீட்டரில் போனால் கோடு விழும். கொச்சியிலிருந்து சென்னைக்குப் போவது ஒரு கிலோமீட்டர் தாழ்ந்து போனால் பெரும்பாலும் விழாது. ‘ஒரு விமானம் கோடு போடுகிறது, இன்னொன்று போடவில்லை, அப்படியானால் முதலாவதில் ஏதோ இருக்கிறது’ என்ற வாதம் இந்த ஒரு கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. கோடு ஐந்து நிமிடத்தில் கரைவதும் ஐந்து மணி நேரம் நிற்பதும் அங்குள்ள ஈரத்தைப் பொறுத்தது. ஈரம் மிகுந்த காற்றில் நீண்ட நேரம் நிற்கிற கோட்டின் பனித்துகளில் பெரும்பகுதி விமானம் கொண்டுவந்த நீரே இல்லை, அங்கேயே இருந்த நீர்.

கோட்டுக்குக் குற்றமே இல்லை என்றும் எழுதிவிட முடியாது. 2021இல் வெளியான ஒரு விரிவான கணக்கீட்டின்படி, விமானங்கள் விடும் கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் அளவு சதுர மீட்டருக்கு 34 மில்லிவாட். அவை போடும் கோடுகளும் அவற்றிலிருந்து பரவும் மேகமும் சூடாக்கும் அளவு 57 மில்லிவாட். வெறும் பனி செய்கிற வேலை இது. மருந்து கலக்கத் தேவையில்லை.

அடுத்து விழும் நேரம். சதியை நம்புகிறவர்களும் மறுக்கிறவர்களும் அதிகம் தொடாத பத்தி இது. என் கணக்கில் வழக்கைத் தீர்ப்பதும் இதுதான்.

ஒரு துகளின் விட்டம் 10 மைக்ரான் என்று வைப்போம், தலைமுடியின் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. காற்றில் அது விநாடிக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் இறங்கும். 11 கிலோமீட்டரைக் கடக்க 42 நாள். அந்த உயரத்தில் காற்று விநாடிக்கு 10 மீட்டர்தான் என்று மிகக் குறைத்து வைத்தாலும், 42 நாளில் துகள் 36,000 கிலோமீட்டர் நகர்ந்திருக்கும். பூமியின் சுற்றளவு 40,000. துகள் 1 மைக்ரான் என்றால் நூறு மடங்கு மெதுவாக இறங்கும், 11 ஆண்டு பிடிக்கும். நடுவில் மழை கழுவி இறக்கினாலும் எந்த நாட்டில் என்று யாரும் சொல்ல முடியாது. சரி, பெரிய துளியாகவே விடுகிறார்கள் என்று கொள்வோம். 100 மைக்ரான் துளி விநாடிக்கு 27 சென்டிமீட்டர் இறங்கும். தரையைத் தொட 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் 400 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். இடுக்கியின் வண்டன்மேட்டில் மருந்து விழ வேண்டுமானால் அரபிக்கடலுக்கு மேலேயோ வங்கக்கடலுக்கு மேலேயோ அன்றைய காற்றின் திசை பார்த்துத் திறந்துவிட வேண்டும்.

அதே 100 மைக்ரான் துளியை மரத்தின் தலைக்கு 3 மீட்டர் மேலிருந்து விட்டால் 11 விநாடியில் இலையைத் தொடும். விநாடிக்கு 3 மீட்டர் இளங்காற்று அடித்தால் 33 மீட்டர் விலகும். 20 மீட்டர் மேலிருந்து விட்டால் 74 விநாடி, 220 மீட்டர் விலகல். பக்கத்து வீட்டுக் கிணறு இருப்பது அந்த 220 மீட்டருக்குள்தான். இந்த எண்ணுக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

வானம் விசித்திரமாக நடந்துகொண்ட நாளும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. 2001 ஜூலை 25இல் தொடங்கி செப்டம்பர் 23 வரை கோட்டயம், இடுக்கிப் பக்கங்களில் விட்டு விட்டுச் சிவப்பு மழை பெய்தது. வெள்ளைத் துணி இளஞ்சிவப்பானது. முதலில் எரிகல் வெடித்த தூசி என்று சொன்ன திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையமே சில நாளில் அதைத் திரும்பப் பெற்றது. மேலே வெடித்த தூசி காற்றில் கலையாமல் வாரக்கணக்கில் அதே ஊர்களில் விழாது என்பது காரணம், மேலே போட்ட விழும் நேரக் கணக்கேதான். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து அந்த ஆண்டு நவம்பரில் வந்த அறிக்கையின் கணக்கு: 1 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 90 லட்சம் துகள், மொத்தமாக விழுந்தது 50,000 கிலோ. துகள்கள் டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள், மரப்பட்டைகளில் ஆரஞ்சு நிறத்தில் படர்கிற அதே பாசி.

50,000 கிலோவை 61 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 820 கிலோ. மருந்து தெளிக்கும் சிறு விமானம் ஒன்றே சுமக்கக்கூடிய எடை. அதாவது அளவை மட்டும் வைத்து ‘இது விமானத்தால் முடியாது’ என்று சொல்ல முடியாது. சந்தேகம் முட்டாள்தனமாக இருந்திருக்காது. துகளை நுண்ணோக்கியில் பார்த்து, வளர்த்துப் பார்த்த பிறகே சந்தேகம் தீர்ந்தது. வேற்றுலக உயிர் என்ற வாதத்தை மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் காட்ஃப்ரி லூயிஸும் சந்தோஷ்குமாரும் 2006இல் ஒரு வானியற்பியல் இதழில் வைத்தார்கள். 2015இல் மரபணுச் சோதனை அதைப் பாசி என்றே உறுதி செய்தது.

மழைநீரில் அலுமினியம் இருக்கிறது என்று பரிசோதனைச் சீட்டைக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வரி: பூமியின் மேலோட்டில் எடைக்கு 8 சதவீதம் அலுமினியம். 1 லிட்டர் மழைநீரில் 1 மில்லிகிராம் மண்தூசி விழுந்தாலே 80 மைக்ரோகிராம். கேரளத்தின் செம்பாறை மண்ணோ இரும்பும் அலுமினியமும் கூடியது.

மேகத்தில் மருந்து தூவுவதும் உண்டு. அது இரகசியமல்ல, பட்ஜெட்டில் வருவது. கர்நாடகம் 2017இல் ‘வர்ஷதாரி’ திட்டத்துக்கு 35 கோடி ஒதுக்கியது. தில்லி அரசு ஐந்து சோதனைகளுக்கு 3.21 கோடி அனுமதித்து, 2025 அக்டோபர் 28இல் ஐஐடி கான்பூரின் விமானத்தைப் பறக்கவிட்டது. காற்றில் ஈரம் போதாமல் சொல்லும்படியான மழை இல்லை. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் சோலாப்பூரில் 2018, 2019 பருவங்களில் செய்த சோதனையில் 100 சதுர கிலோமீட்டரில் சராசரியாக 18 சதவீதம் மழை கூடியதாகக் கண்டது. லிட்டருக்கு 18 பைசா செலவு என்று கணக்குக் கொடுத்தது. இந்தப் பதினெட்டுப் பைசாவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 1 சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10 லட்சம் லிட்டர், 1.8 லட்சம் ரூபாய். பாலக்காடு, இடுக்கி இரண்டும் சேர்ந்த 9,094 சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் கூட்ட 164 கோடி.

2018 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மூன்று நாளில் கேரளத்தில் பெய்தது, மத்திய நீர் ஆணையத்தின் கணக்குப்படி, சராசரி 414 மில்லிமீட்டர். 38,863 சதுர கிலோமீட்டரால் பெருக்கினால் 1,600 கோடி டன் நீர். லிட்டருக்கு 18 பைசா வீதம் விலை போட்டால் 2.9 லட்சம் கோடி ரூபாய், அந்த ஆண்டு கேரள அரசின் மொத்த பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு. ஆவியாக இருந்த அந்த நீர் குளிர்ந்து மழையானபோது வெளிவிட்ட வெப்பம், இந்தியா அப்போது ஓராண்டில் உற்பத்தி செய்த மின்சாரத்தில் ஏழு மடங்கு. மூன்று நாளில். யாரோ ஒருவர் விசையைத் திருகி வெள்ளம் வரவழைத்தார் என்பவர்கள், அந்த விசைக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இனி நடந்த கணக்கு.

காசர்கோட்டில் கேரளத் தோட்டக் கழகத்துக்குச் சுமார் 4,600 ஹெக்டேர் முந்திரித் தோட்டம். தேயிலைக் கொசு என்ற பூச்சி தளிரையும் பூவையும் உறிஞ்சுகிறது. அதற்காக 1978 முதல் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி. ஆண்டுக்கு இரண்டு மூன்று சுற்று. 22 ஆண்டில் 44க்கும் 66க்கும் இடையே. பயிரின் தலைக்கு மேல் 3 மீட்டருக்குள் பறந்து தெளிக்க வேண்டும், கிணறுகளையும் நீர்நிலைகளையும் மூடிவைக்க வேண்டும் என்பது விதி. குன்றும் சரிவுமான நிலத்தில் ஹெலிகாப்டர் 3 மீட்டரில் பறக்காது. ஓடையை எதைக் கொண்டு மூடுவது என்று விதி எழுதியவர்கள் சொல்லவில்லை. அந்த 74 விநாடியும் 220 மீட்டரும் இங்கே பொருந்துகின்றன: தோட்டத்தின் ஓரத்திலும் நடுவிலும் வீடுகள், சரிவின் கீழே குடிநீர்.

ஸ்ரீபத்ரே என்ற வேளாண் பத்திரிகையாளர் ஊனத்தோடு பிறந்த கன்றுகளைப் பற்றி 1981இலேயே எழுதினார். என்மகஜே ஊராட்சியில் மருத்துவம் பார்த்த ஒய். எஸ். மோகனகுமார், ஒரே பகுதியில் இத்தனை நரம்புக் கோளாறும் புற்றுநோயும் ஏன் என்று கேட்டார். பெரியாவில் வேளாண்மைத் துறை ஊழியரான லீலாகுமாரியம்மா 1998இல் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். தெளிப்பு நின்றது 2000இன் இறுதியில். முதல் கட்டுரைக்கும் கடைசித் தெளிப்புக்கும் இடையே 19 ஆண்டு. நிலைத்து நிற்கும் நச்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் எண்டோசல்பான் ஏறியது 2011 ஏப்ரலில்; உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடுத்தது 2011 மே 13இல். பாதிக்கப்பட்ட 5,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் மூன்று மாதத்தில் கொடு என்றது 2017 ஜனவரி 10இல். 2022 மே மாதம் அதே நீதிமன்றம் விசாரித்தபோது, மீதமிருந்த 3,704 பேரில் பணம் வாங்கியிருந்தவர்கள் 8 பேர். 3,704ஐ 5 லட்சத்தால் பெருக்கினால் 185 கோடி. மாநில அரசு அந்த ஆண்டு ஜனவரியிலேயே 200 கோடி ஒதுக்கியிருந்தது. காசு இருந்தது, பட்டுவாடா இல்லை.

நோய்கள் எல்லாவற்றுக்கும் எண்டோசல்பான்தான் காரணமா என்று இன்றும் வாதிடும் வேளாண் அறிஞர்கள் இருக்கிறார்கள். தெளித்தார்களா என்பதில் அவர்களுக்கும் சந்தேகமில்லை. ஹெலிகாப்டரின் சத்தத்தை ஊரே கேட்டது, செலவைக் கழகம் எழுதிவைத்தது. மருந்தைத் தயாரித்த ஆலைகளில் ஒன்று கொச்சிக்குப் பக்கத்தில் ஏலூரில், மத்திய அரசின் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ். இதில் ஒளிந்திருந்தது எதுவும் இல்லை. சதி என்றால் இத்தனை ரசீது இருக்காது.

காசர்கோடு வடக்குக் கோடி. பாலக்காட்டிலும் அதே கழகத்தின் தோட்டம் மண்ணார்க்காட்டுப் பக்கம் தத்தேங்கலத்தில் இருக்கிறது. தடைக்குப் பிறகு எஞ்சிய எண்டோசல்பான் அங்கே பீப்பாயில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது, பீப்பாய் துருப்பிடித்து ஒழுகும்வரை. முதலமடையின் மாந்தோப்புகளில் ஹெலிகாப்டர் வந்ததில்லை; கீழிருந்து குழாய் போட்டு அடித்தார்கள். கேரளம் தடுத்த பிறகும் நாடு முழுக்கத் தடை வரும்வரை கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் தாண்டினால் தமிழ்நாட்டில் மருந்து கடையிலேயே கிடைத்தது. 2011 மே மாதம் கேரளம் மேலும் 14 பூச்சிக்கொல்லிகளைத் தடுத்தபோதும் இதே கதை: வாளையாறு முதல் குமுளி வரை ஒரு பக்கத்தில் சட்டவிரோதம், மறு பக்கத்தில் பில் போட்டு விற்பனை. வானத்துக்குச் சோதனைச்சாவடி இல்லை. போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் இருக்கிறது, மருந்து அதன் வழியாகத்தான் வந்தது.

இடுக்கியின் ஏலமலைகளைப் பற்றிய ஆய்வுகள் சொல்லும் எண், ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 27 கிலோ பூச்சிக்கொல்லி. கரைசலின் எடை அல்ல, உள்ளிருக்கும் வீரியப் பொருளின் எடை. நாட்டின் சராசரி அரை கிலோவை ஒட்டி. இந்த எண்ணை முதலில் பார்த்தபோது அச்சுப் பிழையோ என்று கணக்குப் போட்டேன். குயினால்பாஸ் 25 சதவீத மருந்தை லிட்டருக்கு 2 மில்லி வீதம், ஹெக்டேருக்கு 1,000 லிட்டர் அடித்தால் ஒரு சுற்றுக்கு அரை கிலோ வீரியப் பொருள். 27 கிலோவை எட்ட 54 சுற்று; ஆண்டுக்கு 52 வாரம்தான். ஆக அளவு கூட்டி அடிக்க வேண்டும், இரண்டு மூன்று மருந்தைக் கலக்க வேண்டும், தூரில் குருணையும் போட வேண்டும். தண்டு துளைப்பானும் இலைப்பேனும் தாக்கினால் காயில் சொறி விழும், ஏலத்தில் விலை விழும். எல்லாம் சேர்ந்து அந்த எண்ணுக்கு வருகிறது.

இப்போது இரு பக்கத்தையும் சேர்த்துக் கூட்டலாம். ஏலத்தோட்டம் 1,000 ஹெக்டேர் என்றால் ஆண்டுக்கு 27 டன். அது 10 சதுர கிலோமீட்டர். குறுக்கே போகும் விமானம் 3.2 கிலோமீட்டர் கடக்கும், 5 கிராம் கந்தகம் விடும். அத்தனையும் நேர் கீழே அதே தோட்டத்தில் விழுகிறது என்று, நடக்காததை நடந்ததாக வைத்துக்கொண்டாலும், 27 டன்னை எட்ட 54 லட்சம் விமானங்கள் போக வேண்டும். நாளைக்கு 100 விமானம் என்றால் 148 ஆண்டு. எரிபொருளில் கந்தகம் விதி அனுமதிக்கும் உச்சத்திலேயே இருந்தாலும் 25 ஆண்டு. தோட்டத்தில் அதை முடிக்க ஓர் ஆண்டு போதும், மோட்டார், குழாய், கைக்குட்டையை மூக்கில் கட்டிய ஆள். அந்த ஆள் பெரும்பாலும் கம்பத்திலிருந்தோ போடியிலிருந்தோ விடியற்காலை ஜீப்பில் மலையேறி வருகிறவர்.

இந்த 27 கிலோவில் ஒரு துளி ஒருமுறை நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சபரிமலை அரவணைப் பாயசம் 6.65 லட்சம் டின்னின் விற்பனையை நிறுத்தியது; அதில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகளின் எச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்ததாகச் சோதனை முடிவு. டின் 100 ரூபாய், மொத்தம் 6.65 கோடி. ஏலக்காயைச் சோதனைக்கு அனுப்பும் நிலை வந்தது ஒரு வியாபாரி தொடுத்த வழக்கால். ஏலக்காய் சப்ளை டெண்டர் தனக்குக் கிடைக்கவில்லை என்பது அவருடைய வருத்தம். போட்டி வியாபாரியின் மனுவை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கவே கூடாது என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் டின்களின் காலாவதித் தேதி கடந்திருந்தது. விற்பனை நின்ற உடனேயே ஏலக்காய் சேர்க்காமல் பாயசம் கிளறத் தொடங்கியிருந்தார்கள்.